உடைந்த மட்டைகளால் ஒரு நாற்காலி

2013-இல் மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி, ஓய்வுபெறவிருந்த எதிரணி வீரர் ஒருவருக்கு ஆடும் நாற்காலி ஒன்றைப் பரிசளித்தது. உடைந்த மட்டைகளைச் சேர்த்துச் செய்த நாற்காலி. அதைப் பெற்றுக்கொண்டவர் நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. பனாமாவின் மீனவ ஊரான புவெர்ட்டோ கைமிட்டோவில் வளர்ந்தவர்.

ரிவேரா ஒரு ‘குளோசர்’. அணி சொற்ப ஓட்டங்களில் முன்னிலையில் இருக்கும்போது, கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காத்துக்கொடுப்பதே அவர் வேலை. அப்படி 652 ஆட்டங்களைக் காத்தார். அத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே வகைப் பந்தைத்தான் வீசினார்: ‘கட்டர்’. அதுதான் வரப்போகிறது என்று மட்டையாளருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அடிக்க முடியவில்லை?

1997-இல் சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு பந்து வீசிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ரிவேராவின் பந்து தானாகவே ஒதுங்கத் தொடங்கியது. முதலில் அதை நேராக்கத்தான் பாடுபட்டார்கள், நல்லவேளை, முடியவில்லை.

நடந்தது இதுதான். வேகப்பந்து பின்னோக்கிச் சுழன்றபடி செல்கிறது. சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. இதுவே மாக்னஸ் விசை. பந்தை விடும் கணத்தில் நடுவிரல் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் சுழல் அச்சு சாய்கிறது. மேல்நோக்கிய விசையில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. கிரிக்கெட் கட்டர் தரையில் பட்டுத் திரும்பும். இந்தக் கட்டருக்குக் காற்றே போதும்.

ஆனால் என்னை வியக்கவைப்பது விலகல் நிகழும் நேரம்தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ 0.4 வினாடி ஆகிறது. மட்டையைச் சுழற்றவே 0.15 வினாடி தேவை. ஆகவே பந்து பாதி வழியைக் கடந்த சற்று நேரத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். சீரான விசையில் விலகல், நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். பாதி நேரத்தில் பந்து விலகியிருப்பது மொத்த விலகலில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் பின்பாதியில். சாதாரண வேகப்பந்து என்று நம்பி மட்டையை வீசிய இடக்கை ஆட்டக்காரரின் கையை நோக்கிப் பந்து சில அங்குலம் நகர்ந்துவிடும். மட்டையின் தடித்த பகுதியே சுமார் 6.6 சென்டிமீட்டர்தான், பந்து படுவதோ மெலிந்த கைப்பிடியருகே. மட்டை முறிகிறது.

ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளருக்கு ஒரே பந்து போதாது. அதே மட்டையாளரை ஓர் ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்க வேண்டும், கண் பழகிவிடும். குளோசரை ஒருவர் ஓர் இரவில் பெரும்பாலும் ஒருமுறைதான் பார்க்கிறார்.

2001 உலகத் தொடரின், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரின், ஏழாம் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் அரிசோனாவின் இடக்கை ஆட்டக்காரர் லூயிஸ் கொன்சாலஸின் கையை நோக்கி ரிவேராவின் கட்டர் சரியாகவே நுழைந்தது. பந்து வலுவின்றித்தான் எழுந்தது. ஓட்டத்தைத் தடுக்க நெருங்கி நின்றிருந்த உள்வட்ட வீரர்களின் தலைக்கு மேல் பறந்து, புல்லில் மெல்ல விழுந்தது. கோப்பை அரிசோனாவுக்குப் போனது.