மேன்ஹோலுக்குள் இறங்கிப் பார்க்கச் சொன்னால்: கேமரா, சட்டம், 30 லட்சம் இழப்பீடு

ஹோட்டல், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, வணிக வளாகம், எங்கே கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் ஒரு ஆளைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, "இறங்கி எங்க அடைச்சிருக்குன்னு பாரு" என்று சொல்வது இன்னும் நிற்கவில்லை. அப்படி இறங்கியவர் திரும்ப வராமல் போன வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் எந்தெந்த மேசையில் எப்படி நிற்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதாள சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமான சுத்தம் செய்யும் வேலைக்கு யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அரசு, தனியார் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. காவல் நிலையத்திலேயே ஜாமீன் வாங்க முடியாத குற்றம், நீதிமன்றம்தான் தர வேண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வேலையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நிரந்தர ஊனமாகிப் பிழைப்பு போனால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் இந்த வேலையே நடக்கக் கூடாது என்று 2025 ஜனவரியிலும் உத்தரவு வந்தது.

ஆளை இறக்காமல் குழாய்க்குள் விட்டு அடைப்பைப் பார்க்கும் கேமரா இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். "அபாயகரமான சுத்தம்" என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தைக் கவனியுங்கள். பாதுகாப்பு உடையும், சுத்தம் செய்வதற்கான மற்றக் கருவிகளும் கொடுக்காமல், பாதுகாப்பு நடைமுறைகளை உறுதி செய்யாமல் ஒருவரைக் கையால் சுத்தம் செய்ய வைப்பது. விபத்துக்குப் பிறகு எல்லா இடத்திலும் முதலில் வரும் பதில், "கையுறையும் மாஸ்க்கும் கொடுத்தோம், அதனால் இது அந்தச் சட்டத்தில் வராது" என்பதுதான். இறந்தவரின் குடும்பத்தினர் இதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். துணி மாஸ்க் விஷவாயுவைத் தடுக்காது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சாய்வது இதனால்தான். அவரைத் தூக்கப் பின்னாலேயே குதிக்கிறவரும் சாய்கிறார். "மற்றக் கருவிகள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடைப்பைப் பார்க்கக் கேமராவும், எடுக்க, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டிங் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கிற காலத்தில் ஏன் ஆளை இறக்கினீர்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

இந்தச் சட்டத்துக்காக அதே 2013-இல் வந்த விதிகளின் 3-ஆவது விதி இதைவிடக் கறாரானது. முழுப் பாதுகாப்புக் கருவிகளோடுகூட ஆளை இறக்கலாம் என்பதற்குச் சில காரணங்களை மட்டும்தான் அது அனுமதிக்கிறது. உடைந்த மேன்ஹோல் மூடியை எந்திரத்தால் எடுக்க முடியாத நிலை, 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பழைய குழாயோடு புதுக் குழாயை இணைப்பது, கழிவுநீர் உறிஞ்சு கிணற்றின் அடியில் உள்ள பம்ப்பை எடுப்பது, மேன்ஹோலைத் திரும்பக் கட்டுவது அல்லது குழாயைச் சரிசெய்வது. இதையெல்லாம் தாண்டித் தவிர்க்கவே முடியாது என்றால் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதிவைத்து அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அடைப்பு எங்கே என்று பார்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தேதியில், இந்த இடத்தில் ஆள் இறங்க எழுத்துப்பூர்வ அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் நகல் வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். "அப்படி எந்த அனுமதியும் வழங்கப்படவில்லை" என்று வந்தால், அந்தத் தாள் உங்கள் மனுவுக்கு முதுகெலும்பு.

சரி, இனி குடும்பங்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன என்று பார்ப்போம்.

முதல் இடம் காவல் நிலையம். எஃப்.ஐ.ஆரில் "தவறி விழுந்து இறந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். சந்தேக மரணம் என்று மட்டும் பதிந்து முடித்துவிடுவதும் நடக்கிறது. புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். யார் கூப்பிட்டார், என்ன வேலைக்கு, எவ்வளவு கூலி பேசினார், யார் இறங்கச் சொன்னார், எந்தக் குழிக்குள் இறந்தார் என்று வரிசையாக எழுதி, 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளைச் சேர்க்கும்படி அதிலேயே கேளுங்கள். இறந்தவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வாங்க மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இந்தச் சட்டத்தில் குற்ற வழக்குக்கான புகார், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு அந்தக் கெடுவைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். கெடு குற்ற வழக்குக்குத்தான், இழப்பீட்டுக்கு அல்ல. 1993-இலிருந்து நடந்த மரணங்களுக்கே கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, அப்போது தொகை 10 லட்சம். பழைய மரணம், இதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றால் 2023 உத்தரவின்படி 30 லட்சமாகக் கேளுங்கள்.

அந்தக் கட்டடத்தின் கண்காணிப்புக் கேமரா பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். மேன்ஹோல் பெரும்பாலும் பார்க்கிங் பக்கமோ சமையலறைக்குப் பின்புறமோதான் இருக்கும், அங்கே ஒரு கேமரா இருக்க வாய்ப்பு அதிகம். யார் பக்கத்தில் நின்று இறங்கச் சொன்னார் என்பது அதில் பதிவாகியிருக்கும். ஆனால் பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதுக் காட்சி ஏறிவிடும். அதனால் அந்தப் பதிவைக் கைப்பற்றும்படி முதல் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். குழாய்க்குள் கேமரா விட்டு ஏற்கெனவே சோதித்திருந்தால் அந்த வீடியோவையும் கேளுங்கள். அடைப்பு எத்தனையாவது மீட்டரில் என்று முன்பே தெரிந்தும் ஆளை இறக்கினார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, சமாதானப் பத்திரம். எனக்குக் காட்டிய ஒன்றில் "மேற்படி நபர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் இறங்கினார், இனி எந்தக் கோரிக்கையும் செய்ய மாட்டோம்" என்று டைப் செய்து, கீழே அவர் மனைவியின் கைநாட்டு இருந்தது. தேதி அடக்கம் நடந்த அதே நாள். ஆம்புலன்ஸ் செலவுக்கு, காரியச் செலவுக்கு என்று கையில் காசைத் திணித்துக்கொண்டே கையெழுத்து வாங்குகிறார்கள். உதவியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். அந்தக் கையெழுத்து இல்லாமலே 30 லட்சம் உங்களுக்கு உரியது.

மூன்றாவது, "தனியார் இடத்தில்தானே நடந்தது, முதலாளியிடம் போய்க் கேளுங்கள்." முதலாளி கான்ட்ராக்டரைக் காட்டுவார், கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி போனை அணைத்துவிடுவார். மும்பையில் ஒரு தனியார் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் இறந்தவர்கள் வழக்கில், அரசு முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பானவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். வசூலிப்பது அரசின் வேலை. கணவனை இழந்தவர் ஏன் அதற்காக அலைய வேண்டும்?

நான்காவது எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது. "உங்கள் கணவர் பெயர் துப்புரவுத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இல்லையே" என்று திருப்பி அனுப்புவது. அந்தக் கணக்கெடுப்பு, மறுவாழ்வுக்கான 40,000 ரூபாய் உதவிக்கானது, வேறு திட்டம். 30 லட்சத்துக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்கத் தேவையில்லை. முதல்முறையாக அன்று ஒருநாள் கூலிக்குப் போனவராக இருந்தாலும் உரிமை உண்டு. சாதிச் சான்றிதழும் இதற்கு நிபந்தனை அல்ல.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கே எழுதுங்கள். இந்தச் சட்டத்துக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். நகராட்சிக்குப் போ, ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போ, தாசில்தாரைப் பார் என்று வாய்மொழியாக அனுப்பினால், அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டாலே பாதி அலைச்சல் குறையும். இணைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம். இறப்புச் சான்றிதழில் பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் அவசரத்தில் சொன்ன கூப்பிடும் பெயர் ஏறிவிட்டால், அது வாரிசுச் சான்றிதழையும் இழுத்து நிறுத்திவிடும். அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேளுங்கள், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

இப்போது கட்டடம் நடத்துகிறவர்களுக்கு. கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டேன், எனக்குச் சம்பந்தமில்லை என்பது செல்லாது, "மறைமுகமாகவோ" என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது. 100 முதல் 200 மில்லிமீட்டர் குழாய்க்குத் தள்ளுகம்பியின் முனையில் பொருத்திய கேமரா போதும், அதைவிடப் பெரியதற்குச் சக்கரத்தில் ஊர்ந்து போகும் கேமரா வரும். இரண்டையும் மேலிருந்தே உள்ளே விடலாம். "கேமராவை வைக்க ஒருவர் மட்டும் இறங்கினால் போதும்" என்று சொல்கிற கான்ட்ராக்டரை அப்போதே திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் நிறைந்து நின்றால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் ஜெட்டிங், பிறகு கேமரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜெட்டிங் கூலி தனி என்று பாதியில் வந்து நிற்பார்கள்.

திரையின் ஓரத்தில் மீட்டர் எண் ஓடும். ஹோட்டல் குழாய் என்றால் சுவரைச் சுற்றி வெள்ளையாக எண்ணெய்க் கசடு படிந்து வழி குறுகிக்கொண்டே போவது தெரியும், இணைப்பு விலகிய இடத்தில் முடி மாதிரி வேர் தொங்கும், குழாய் தாழ்ந்த இடத்தில் கேமரா தண்ணீருக்குள் முங்கி மறுபடி மேலே வரும். கேமரா தலையில் சிக்னல் கொடுக்கும் கருவி இருந்தால், தரைக்கு மேலிருந்தே இடத்தைக் குறித்து அங்கே மட்டும் தோண்டலாம். உங்களுக்குத் தர வேண்டியது வெட்டி ஒட்டிய துண்டு வீடியோ அல்ல. தேதி, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழி வரை, மீட்டர் எண் எல்லாம் தெரிகிற முழுப் பதிவு. அது கைக்கு வராமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உயிரோடு இந்த வேலையில் இருக்கிற தொழிலாளிகளுக்கு ஒன்று. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் பெயர் சேர்த்தால் பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, ஆயுஷ்மான் மருத்துவ அட்டை கிடைக்கும். நகராட்சி அல்லது மாநகராட்சிதான் பெயர் எடுக்கிறது. நிரந்தர வேலை இல்லை, தனியார் கழிவுநீர் லாரியில் போகிறேன் என்றாலும் சேரலாம், "எங்கள் ஊழியர் இல்லை" என்று சொல்வதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். வண்டி, எந்திரம் வாங்கத் தனிநபருக்கு 5 லட்சம் வரையும் குழுவுக்கு 18.75 லட்சம் வரையும் மானியம் என்பார்கள். அது கையில் தரும் பணம் அல்ல, வங்கிக் கடனோடு சேர்ந்தது. கடன் தர வங்கி ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் முன் எந்த ஏஜென்டிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.