உடம்புக்குள் வைக்கும் பொருளின் வயதைக் கேளுங்கள்

"தானாகவே கரைந்துவிடும் ஸ்க்ரூ", "கிருமியே ஒட்டாத உலோகம்", "அச்சிட்டு எடுத்த எலும்பு". இப்படிப்பட்ட செய்திகள் நோயாளிகளின் கைபேசி வழியாக அடிக்கடி என் மேசைக்கு வந்துவிடும். நான் எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை செய்பவன். "டாக்டர், இதையே எனக்கும் வைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று விசாரிப்பவரோடு பேச எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தச் செய்திகளில் ஒரு விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பொருள் மனித உடம்புக்குள் எத்தனை வருடம் இருந்திருக்கிறது? நான் முதலில் தேடுவது அதைத்தான்.

உடம்பு ஒரு பொருளுக்குக் கொடுக்கும் வேலை சாதாரணமானது இல்லை. 37 டிகிரி வெப்பம், உலோகத்தை அரிக்கக்கூடிய உப்புநீர், அந்நியமான எதைக் கண்டாலும் விழுங்கப் பார்க்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், இவற்றுக்கு நடுவில் இரவு பகலாக இருக்க வேண்டும். நடக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. நன்றாக நடமாடும் ஒருவருக்கு இது வருடத்தில் 10 லட்சம் தடவைக்கு மேல் நடக்கும். செயற்கை மூட்டின் தேய்மானத்தைச் சோதிக்கும் இயந்திரத்தில் சர்வதேசத் தரநிலை கேட்பது 50 லட்சம் சுழற்சிகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஐந்து வருட நடைக்குக்கூடக் காணாது. 55 வயதில் மூட்டு மாற்றிக்கொள்பவருக்கோ அது இன்னும் இருபத்தைந்து, முப்பது வருடம் உழைத்தாக வேண்டும்.

இந்த இடைவெளியில் விழுந்து எழுந்ததுதான் எங்கள் துறையின் வரலாறு. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, இன்று நாம் செய்யும் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு வழி போட்டவர். 1950களின் கடைசியில் அவர் மூட்டின் கிண்ணத்துக்குத் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். காரணம் நியாயமானதுதான், அவ்வளவு வழுக்கலான திடப்பொருளைப் பார்ப்பது அரிது. நோயாளிகள் வலி போய் நடந்தார்கள். ஆனால் சில வருடங்களிலேயே கிண்ணங்கள் தேய்ந்து, உதிர்ந்த தூளைச் சுற்றித் திசுக்கள் வீங்கிக் கட்டிகளாயின. வைத்தவற்றை ஒவ்வொன்றாக அவரே கழற்ற வேண்டி வந்தது. டெஃப்லான் துண்டுகளைத் தன் தொடைக்குள்ளேயே வைத்து, திசு என்ன செய்கிறது என்று பார்த்தவர் அவர். அதன் பிறகு 1962இல் மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். அதன் வழிவந்த பொருளைத்தான் இன்றைக்கும் நாங்கள் வைக்கிறோம்.

வழுக்கல் என்கிற ஒரு குணத்தில் டெஃப்லான் முதலிடம், தேய்மானத்தைத் தாங்குவதில் கடைசி இடம். இன்றைய தலைப்புச் செய்திகளும் ஒரு பொருளின் ஒரே ஒரு குணத்தைத்தான் கொண்டாடுகின்றன. "எஃகை விட உறுதி" என்பார்கள். எலும்புக்குப் பக்கத்தில் அளவுக்கு மீறிய விறைப்பே ஒரு குறைதான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கெட்டியான எலும்பின் விறைப்பு 20 கிகாபாஸ்கலுக்குள் (விறைப்பை அளக்கும் அலகு) இருக்கும். டைட்டானியத்துக்குச் சுமார் 110, எஃகுக்குச் சுமார் 200. விறைப்பான உலோகம் பாரத்தை எல்லாம் தானே தாங்கிக்கொண்டால், வேலை இல்லாத எலும்பு மெலிந்துபோகும்.

பாலிஎத்திலீனோடு கதை முடிந்துவிடவும் இல்லை. அதுவும் தேயும், மெதுவாக. உதிரும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மேக்ரோஃபேஜ் அவற்றை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அப்புறம் அது வெளியிடும் வேதிச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் செல்களைக் கிளப்பிவிடும். எக்ஸ்ரேயில் பார்த்தால் கிண்ணத்துக்குப் பின்னால், வெள்ளையாக இருக்க வேண்டிய எலும்பில் கறுப்பாக ஓர் ஓட்டை தெரியும். ஓரம் வழவழப்பாக, உள்ளே எலும்பின் கோடுகளே இல்லாமல் இருக்கும். என் நோயாளிகளுக்குப் புரியவைக்க நான் மிகவும் சிரமப்படுவது இந்த இடத்தில்தான். அந்த ஓட்டை வலிக்காது. நன்றாக நடந்துகொண்டே இருப்பார்கள். கிண்ணம் ஆட்டம் கண்டபிறகுதான் வலி வரும். அதற்குள் மறு அறுவை சிகிச்சையில் புதிய கிண்ணத்தைப் பிடித்து நிறுத்த எலும்பே போதாமல் போயிருக்கலாம்.

இதற்கு வந்த தீர்வு, என் பார்வையில் எங்கள் துறையின் உண்மையான பொருளறிவியல் வெற்றி. பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும், தேய்மானம் வெகுவாகக் குறையும். ஆனால் அதே கதிர்வீச்சு, அறுபட்ட சங்கிலிகளில் எளிதில் வினைபுரியும் முனைகளையும் (ஃப்ரீ ரேடிகல்கள்) விட்டுவைக்கும். அவை ஆக்சிஜனோடு சேர்ந்தால் நாளடைவில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். அதனால் உருக்கி ஆற்றுவது, வைட்டமின் ஈ கலப்பது என்று ஒவ்வொரு குறையாகச் சரிசெய்தார்கள். 1990களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பொருளுக்கு இப்போது இருபது வருடத்துக்கும் மேலான மனித அனுபவம் உண்டு. நான் சொன்ன அந்தக் கறுப்பு ஓட்டைகள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. எந்த நோயாளியும் இதுபற்றிய செய்தியை என்னிடம் காட்டியதே இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் இன்னொரு வடிவமைப்பு பெரிய வரவேற்போடு வந்தது. பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகக் கிண்ணத்துக்குள் உலோகப் பந்து, இரண்டும் கோபால்ட் குரோமியம். ஆய்வக இயந்திரத்தில் தேய்மானம் மிகக் குறைவாக இருந்தது. இளைஞர்களுக்கு ஏற்றது என்றார்கள். ஆனால் அறுவை அரங்கில் கிண்ணம் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் இருந்த அதே சாய்வில் அமைந்துவிடாது. சற்றுச் செங்குத்தாகிவிட்டால் பாரம் முழுக்க விளிம்பில் ஏறும், உலோகம் உலோகத்தைச் சுரண்டும். கோபால்ட் ரத்தத்தில் கலந்து, மூட்டைச் சுற்றியிருந்த தசை அழுகி, கட்டிகள் உருவாயின. உலகம் முழுக்க 90,000 பேருக்கு மேல் வைக்கப்பட்டிருந்த இப்படி ஒரு மூட்டு 2010இல் சந்தையில் இருந்து திரும்பப் பெறப்பட்டது.

அந்த ஆபத்தை முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடும் ஒன்று. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எப்போது கழற்றினார்கள் என்று நாடு முழுவதும் விடாமல் எழுதிவைக்கும் ஏடு அது. ஸ்வீடன் 1970களிலேயே இதைத் தொடங்கிவிட்டது. ஒரு மருத்துவர் தன் நோயாளிகளில் இரண்டு பேருக்குக் கோளாறு வந்தால் தற்செயல் என்றுதான் நினைப்பார். பதிவேட்டில்தான் அது ஒரே பொருளின் குறை என்று வெளிச்சமாகும். மருத்துவ முன்னேற்றம் என்று யாராவது என்னிடம் கேட்டால் ரோபோவுக்கு முன்னால் இந்தப் பதிவேட்டைத்தான் நான் சொல்வேன்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக்கால் ஆன மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களை ஊறவைத்துப் பொருத்தினார். உலக ஊடகங்கள் புகழ்ந்தன. விலங்குகளில் முறையாகச் சோதிக்காமலே மனிதருக்கு வைத்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அங்கே அப்படி அறுவை செய்யப்பட்ட மூன்று பேருமே பின்னர் இறந்தார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. உயிருள்ள திசுவைப் பற்றிய அழகான ஒரு கருத்து, சோதனையைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று எனக்குத் தெரியாது.

சரி, இப்போது வந்துகொண்டிருக்கும் பொருட்களைப் பார்ப்போம். என்னிடம் அதிகம் விசாரிக்கப்படுவது மக்னீசியம் ஸ்க்ரூ. யோசனை அருமையானது. எலும்பு சேரும் வரை பிடித்துக்கொண்டு, பிறகு கரைந்துபோனால் கழற்ற இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டாம். விறைப்பும் சுமார் 45 கிகாபாஸ்கல்தான், எலும்புக்கு நெருக்கம். ஆனால் இது இன்று நேற்று வந்த ஆசை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெல்ஜியத்தின் அல்பான் லாம்போட் மக்னீசியத் தட்டை எஃகு ஆணிகளோடு வைத்தார். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு வேகமெடுக்கும். தட்டு சில நாட்களிலேயே சிதைந்து, தோலுக்கு அடியில் வாயு சேர்ந்தது. இன்றைய உலோகக் கலவைகள் அந்த வேகத்தைப் பெரிதும் அடக்கியிருக்கின்றன. 2013இல் இருந்து ஐரோப்பாவில் அனுமதி பெற்ற மக்னீசியம் ஸ்க்ரூ இருக்கிறது.

வாயு மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு கிராம் மக்னீசியம் முழுக்கக் கரைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். அது வேதியியல், யாராலும் மாற்ற முடியாது. சிறிய ஸ்க்ரூ ஒன்று அரை கிராம்கூட இருக்காது, மாதக்கணக்கில் மெதுவாகக் கரைவதால் உடம்பு அந்த வாயுவைச் சமாளித்துவிடுகிறது. ஆனால் சில வாரங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். டைட்டானியம் ஸ்க்ரூவைச் சுற்றி அதே வளையம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டதோ, சீழ் பிடித்துவிட்டதோ என்று நாங்கள் பதறுவோம். விவரம் தெரியாத வேறொரு மருத்துவரிடம் அந்தப் படம் போனால் தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரை வரலாம். ஆகவே உங்களுக்கு வைத்தது மக்னீசியம் என்றால், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் எல்லாம் அதைச் சொல்லுங்கள்.

கரையும் என்பதாலேயே பாதுகாப்பு என்று ஆகிவிடாது. இதயத் தமனிக்கான கரையும் ஸ்டென்ட் ஒன்றுக்கு 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. அதன் கம்பிகள் உலோக ஸ்டென்ட்டை விடத் தடிமன். உலோக ஸ்டென்ட்டை விட அதில் ரத்த உறைவு அதிகம் என்று தொடர் ஆய்வுகள் காட்டவே, அடுத்த வருடமே விற்பனை நின்றது.

கிருமி ஒட்டாத பூச்சுகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே வைத்த பொருளின் பரப்பை முதலில் பிடிப்பது நம் செல்லா, கிருமியா என்ற போட்டியைப் பற்றி 1987இலேயே ஆந்தனி கிரிஸ்டினா என்ற எலும்பு மருத்துவர் எழுதிவிட்டார். வெள்ளிப் பூச்சு கிருமியைக் கொல்லும். நம் எலும்புச் செல்லையும் வருத்தாத அளவைப் பிடிப்பதுதான் கஷ்டம். அந்த வேலை இன்னும் நடக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் புதுமை என்றாலே ஒதுங்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டைட்டானியம் எலும்போடு பிணைவதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரனேமார்க் 1950களில் கவனித்தார், 1965இல் முதல் நோயாளிக்குப் பல் வேர் வைத்தார், 1982 டொரண்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் பரவலாக ஏற்றார்கள். கோவிட் தடுப்பூசியில் எம்ஆர்என்ஏவைச் சுமந்த கொழுப்பு நானோத்துகளும் திடீரென்று முளைத்ததில்லை. அதே வகைத் துகளில் ஏற்றிய மருந்து ஒன்று 2018இலேயே ஒப்புதல் பெற்றிருந்தது. நல்ல பொருட்கள் காத்திருந்து வந்தவை.

எனவே உங்களுக்கு ஒரு புதிய பொருளை யாராவது பரிந்துரைத்தால், கூச்சப்படாமல் விசாரியுங்கள். இது மனிதர்களில் எத்தனை வருடமாக இருக்கிறது? ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பிரச்சினை வந்தால் கழற்ற முடியுமா, கழற்றியபின் என்ன வழி? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அவசரம் இல்லாத அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே கிடையாது. செய்தியைப் படிக்கும்போதும் பாருங்கள். தட்டில் வளர்த்த செல்லில் செய்ததா, எலியில் செய்ததா, மனிதரில் செய்ததா என்று எங்காவது ஓர் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு என்றால், அதை உங்கள் சிகிச்சையோடு சேர்த்து யோசிக்க வேண்டாம்.

உங்களுக்குள் ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தால், அறுவை அரங்கில் அந்தப் பொருளின் டப்பாவில் இருந்து உரித்து ஒட்டிய சிறிய ஸ்டிக்கர்கள் கோப்பில் இருக்கும். பொருளின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் உண்டு. ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள், படம் எடுத்து வீட்டில் இன்னொருவரின் கைபேசியிலும் போட்டுவையுங்கள். பொருள் திரும்பப் பெறப்பட்டால் உங்களைக் கண்டுபிடிக்கவும், எம்ஆர்ஐ எடுக்கும் முன் பாதுகாப்பைத் தீர்மானிக்கவும், மறு அறுவை சிகிச்சைக்குப் பொருந்தும் கருவி கொண்டுவரவும் அந்த எண்தான் கைகொடுக்கும். வலியே இல்லாவிட்டாலும் உங்கள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரேவுக்குப் போய்வாருங்கள். பழைய உலோக-உலோக இடுப்பு மூட்டு வைத்திருப்பவர்கள் ரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது பிரிட்டன் வகுத்த அளவு.

மறு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: கழற்றிய பாகத்தை என்ன செய்வீர்கள்? தேய்ந்த கிண்ணத்தையும், தொடை எலும்புக்குள் செருகியிருந்து உடைந்த தண்டையும் வாங்கி, எங்கே எப்படித் தேய்ந்தது என்று ஆராய்வதற்கென்றே ஆய்வகங்கள் இருக்கின்றன. உங்களுக்குள் பதினைந்து வருடம் இருந்த ஒரு துண்டில், எந்த இயந்திரத்தாலும் தர முடியாத தகவல் இருக்கிறது. அனுப்ப வழி இருந்தால் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.