நோபல் வாங்கியது பட்டினி அல்ல, ஈஸ்ட்

வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, மகனைப் பிடித்துக்கொண்டு வந்தார் அவர். ரத்தச் சர்க்கரை 52, ரொம்பக் குறைவு. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, இரண்டு நாளாக வெறும் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறார். "பட்டினி கிடந்தா செல்லெல்லாம் புதுசாயிடும்னு போட்டிருந்துச்சு சார், நோபல் பரிசே குடுத்திருக்காங்களே" என்று வாட்ஸ்அப்பைக் காட்டினார்.

கொடுத்தது உண்மைதான். 2016-இல், ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு. ஆனால் அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ஈஸ்டை. பன்னுக்கு மாவைப் பொங்க வைக்கிறதே, அதே ஈஸ்ட்.

செல் தன் பழைய பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்துவதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று 1963-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்பதுதான் பிடிபடவில்லை. ஈஸ்டில் இந்த உடைக்கும் வேலை வாக்குவோல் என்ற பையில் நடக்கிறது. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரியது. ஆனால் உள்ளே வந்ததெல்லாம் உடனே கரைந்துவிட்டால் எதைப் பார்ப்பது? குப்பை வண்டி நாலு நாள் வராவிட்டால்தானே தெருவில் எவ்வளவு சேர்கிறது என்று தெரியும்! உடைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்து, தன்னுண்ணலைத் தூண்டப் பட்டினி போட்டார் ஓசுமி. சில மணி நேரத்தில் பை முழுக்க, உடைபடாமல் தேங்கிய குமிழ்கள். அப்புறம், மரபணு பிறழ்ந்து குமிழே சேராத ஈஸ்டுகளைத் தேடி, 1993-இல் இதற்குத் தேவையான 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார். எனக்கு இன்றும் வியப்பு, அந்த எளிமைதான்.

அந்த மரபணுக்களில் பலவற்றின் உறவுகள் நம்மிடமும் உண்டு, எலியிடமும் உண்டு. ஏடிஜி5 என்ற மரபணு இல்லாத எலிக்குட்டிகள் பார்க்க நன்றாகவே பிறந்தன; ஒரு நாளுக்குள் செத்துப்போயின. தொப்புள்கொடி அறுந்தபின் பால் கிடைக்கும்வரை தன் உடலிலிருந்தே எடுத்துச் சமாளிக்க அவற்றால் முடியவில்லை. மூளை நரம்பில் மட்டும் அதை நீக்கிய எலிகளுக்கு நடையே தடுமாறியது.

சரி, மனிதர் எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் என்ன பலன்? ஈஸ்டும் எலியும் அதற்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் தன்னுண்ணல் எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை நாம் வழக்கமாகப் போகும் லேபில் இல்லை. கிளிமிபிரைடோ, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான். விரதம் இருக்க ஆசையென்றால் முந்தின வாரமே வாருங்கள், மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளலாம்.