இன்ட்ரோவெர்ட்: நடுவில் சிந்தனையாளர் எப்படி வந்தார்?

அண்மையில் வேலூரில் ஓர் இலக்கியக் கூட்டம். கர்ணனை ஆளுமை வகைப்பாட்டில் பொருத்திக் காட்டிய பேச்சாளர், நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும் 16 வகைகளில் அவன் ஐ.என்.எஃப்.பி. என்றார்; முதல் எழுத்து 'ஐ' இன்ட்ரோவெர்ட்டைக் குறிப்பது. இருக்கட்டும். அடுத்த மூச்சிலேயே, "அதாவது, கர்ணன் ஓர் உள்முகச் சிந்தனையாளன்" என்றார். 'இன்ட்ரோவெர்ட்' என்பதற்கு இந்தத் தமிழாக்கத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

லத்தீனில் 'இன்ட்ரோ' என்றால் உள்ளே. 'வெர்டெரே' என்றால் திருப்புதல். மன ஆற்றல் பாயும் திசையைக் குறிக்க, உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆண்டார். சிந்தனை இதில் எங்கே இருக்கிறது?

உள்ளே, வெளியே எனத் திசை இரண்டு என்ற யுங், மனம் இயங்கும் வழிகள் நான்கு என்றார்: சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு. நான்கில் ஒன்றைத் திசையின் பெயரிலேயே ஒட்டிவிட்டால், உள்முகமாக உணர்பவரை எப்படி அழைப்பது? 'உணர்வுவகை உள்முகச் சிந்தனையாளர்' என்றா? பேச்சாளர் சொன்ன 'எஃப்' என்ற எழுத்தே உணர்வைத்தான் குறிக்கிறது. தாம் எழுதியதைத் தாமே அடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார், நாங்களும் கைதட்டினோம்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குக் கர்ணனைத் தெரியும். குந்தியின் மகன் என்பதைப் போருக்கு முன்பே அறிந்தும், தருமனிடம் சொல்ல வேண்டாம் என்று கண்ணனைக் கேட்டுக்கொண்டவன். உள்முகம்தான். ஆனால் கணக்குப் பார்த்திருந்தால் பாண்டவர் பக்கம் போயிருப்பான். போகவிடாமல் பிடித்தது செஞ்சோற்றுக் கடன்.

வேறு சிலர் இன்ட்ரோவெர்ட்டைக் 'கூச்ச சுபாவி' என்கிறார்கள். ஊர் கூடிய அரங்கில் அர்ச்சுனனைப் போட்டிக்கு அழைத்தவனுக்கா கூச்சம்? 'தனிமை விரும்பி' என்றால் துரியோதனன் சிரிப்பான்.

நான் 'அகமுகர்' என்பேன். இது நான் கட்டிய சொல்லும் அல்ல. 1989 வரை எங்கள் வடார்க்காடு மாவட்டத்தோடு இருந்த திருவண்ணாமலையில், ரமணர் 'நான் யார்?' நூலில் மனத்தை வெளியே விடாமல் உள்ளே வைத்திருப்பதை அகமுகம் என்றும் வெளியே விடுவதைப் பகிர்முகம் என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது பயிற்சி, யுங் சொன்னது இயல்பு, திசை ஒன்றுதான். எதிர்ச்சொல்லாகப் 'புறமுகர்' போதும். 'புறமுதுகு' போல ஒலிக்கிறதே என்று நண்பர் சிரித்தார். 'பகிர்' வடசொல், தமிழ்க் காதில் பங்கு பிரிப்பதாகவல்லவா விழும்? புறமுதுகே தேவலை.

எதற்கும் 'ஆளர்' சேர்த்தால்தான் கலைச்சொல்லாகும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொன்னார்களோ. வேலைக்கான விண்ணப்பம் ஒன்றில் 'நீங்கள் உள்முகச் சிந்தனையாளரா?' என்ற கேள்விக்கு என் அக்காள் மகன் 'ஆம்' என்று குறித்திருந்தான். ஊரையே கூட்டி வைத்துப் பேசுகிற பையன். ஏனடா என்றேன்.

"சிந்திக்கிறவன் என்றால் நல்லதுதானே மாமா?"