வெப்ப நிலைமம்: கடல் ஆறப்போடும் சூட்டுக்கு ஒரு சொல்

பினாங்கில் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்த மாணவர்கள், இடைநிலைப்பள்ளியின் இயற்பியல் வகுப்பில்தான் 'இனெர்சியா' (ஆங்கிலத்தில் 'இனெர்ஷியா') என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிறார்கள். அப்படிப் படித்துவரும் மாணவி ஒருவர், புவி வெப்பமாதலின் வேகத்தைக் கடல் எவ்வாறு மட்டுப்படுத்துகிறது என்று தமிழில் கட்டுரை எழுதுகையில், 'தெர்மல் இனெர்ஷியா' என்பதை 'வெப்பச் சோம்பல்' என்று பெயர்த்திருந்தார். கேட்க இனிமையான சொல்தான்; ஆனால் அது பொருளில் பாதியைக் கைவிட்டுவிடுகிறது.

ஒரு பொருள் மெதுவாகச் சூடேறுவது மட்டுமன்று, ஏறிய சூட்டை எளிதில் விடாமல் வைத்திருப்பதும் சேர்ந்ததே இந்த இயல்பு. மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். சட்டி சூடேறப் பொறுமை வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சற்று நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். 1 கிலோ நீரின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் தேவைப்படுகிறது. அதே எடையுள்ள காற்றுக்கு ஏறத்தாழ 1,000 ஜூல் போதும். காற்று மிக இலேசானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளிமண்டலம் முழுவதற்கும் உள்ள வெப்பக் கொள்ளளவு, உலகக் கடல்களின் மேற்பரப்பில் மூன்றரை மீட்டர் ஆழமுள்ள நீரிலேயே அடங்கிவிடும். கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர்.

'இனெர்ஷியா'வின் வேர் இலத்தீனில் உள்ள 'இனெர்ஸ்' என்னும் சொல். 'ஆர்ஸ்' என்றால் கலை, கைத்திறன். முன்னே எதிர்மறை சேர, திறனற்ற, செயலற்ற என்ற பொருள் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலாளர் கெப்ளர் இதை இயற்பியலுக்குக் கொண்டுவந்தபோதும் அந்த வாடை போகவில்லை. பருப்பொருள் இயல்பாகவே அசைய மறுத்து ஓய்ந்து கிடக்க முனைவது என்பதே அவர் கொண்ட பொருள். 1687-இல் நியூட்டன் அதை மாற்றினார். ஓய்வாயினும் ஓட்டமாயினும், இருக்கும் நிலையை மாற்ற வரும் விசையை எதிர்ப்பதே இனெர்ஷியா என்றார். வசைச்சொல் அன்றோடு இயற்பியற் சொல்லானது.

தமிழில் வழங்கும் இரண்டு சொற்களையும் இந்த வரலாற்றின் அருகே வைத்துப் பார்க்கலாம். இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'சடத்துவம்', உணர்வற்றது, மந்தமானது என்று பொருள்தரும் வடமொழிச் சடத்திலிருந்து பிறந்தது. அது கெப்ளரின் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் 'நிலைமம்', நில் என்னும் வேரிலிருந்து நிலை வழியாக வந்தது. நிலையைக் காப்பது என்ற நியூட்டனின் கருத்து அதில் தெளிவாகவே இருக்கிறது. மந்தம், தாமதம், சோம்பல் ஆகிய மூன்றும் சூடேறுவதன் தாமதத்தைச் சொல்லும். ஆறுவதன் தாமதத்தைச் சொல்லா. அதனால் 'வெப்ப நிலைமம்' என்பதே தகும் என்பது என் முடிவு. சோம்பலை மறுக்க இன்னொரு காரணமும் உண்டு: கரியமில வாயு போன்ற பைங்குடில் வளிகளால் புவியில் தங்கிவிட்ட மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவ்வளவு சுமப்பதைச் சோம்பல் என்பது நியாயமில்லை.

இந்தச் சுமையின் விளைவு வெப்பமாதலின் வேகத்தில் தெரிகிறது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட, 2011–2020 பத்தாண்டில் நிலப்பரப்பு 1.59 பாகையும் கடற்பரப்பு 0.88 பாகையும் சூடேறியிருந்தன. இந்த வேறுபாட்டுக்குக் கடலிலிருந்து நீர் ஆவியாவதும் காரணம். முழுவதையும் நிலைமத்தின் கணக்கில் எழுதக் கூடாது. 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான அமெரிக்க அறிவியலாளர் குழுவின் அறிக்கைக்கு முன்னுரை எழுதிய வெர்னர் சுவோமி, கடலைக் காலநிலையின் மாபெரும் ஃபிளைவீல் என்று உருவகித்தார். கால்மிதித் தையல் இயந்திரத்தில் கால் ஓய்ந்த பின்னும் சுழல்கிற அந்தச் சக்கரத்தையே எண்ணிக்கொள்ளலாம். மாற்றம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பது அவர் எச்சரிக்கை.

கடல் வாங்கிய வெப்பம் எப்போதும் அடியிலேயே கிடப்பதில்லை. எல் நினோ ஆண்டுகளில் மேற்குப் பசிபிக்கில் திரண்டிருந்த வெந்நீர் கிழக்கே பரவி, வெப்பத்தைக் காற்றுக்குத் தருகிறது. மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவான 1998 ஏப்ரல் அத்தகைய காலமே.

உவமை ஓரிடத்தில் வழுக்கும். ஓடும் பொருள் விசையின்றியும் ஓடும். கடலோ ஆற்றல் வந்து சேராமல் சூடேறாது. ஆகவே 'நிலைமத்தால் இன்னும் சூடாகும்' என்று எழுதுகையில் கவனம் வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு இன்றைய அளவிலேயே நின்றால், கடல் ஈடுகொடுக்கும் வரை வெப்பநிலை மேலும் உயரும். உமிழ்வே அடியோடு நின்றால், கடலும் தாவரங்களும் அந்த வாயுவை உறிஞ்ச அதன் அளவு குறையும். மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ நின்ற இடத்தில் நிற்கும் என்பதே இன்றைய கணிப்பு. ஆழ்கடல் மட்டும் நூற்றாண்டுகள் சூடேறும். சூட்டில் விரியும் நீரால் கடல்மட்டமும் உயரும். பினாங்கின் கடலோரச் சாலையான கர்னி டிரைவ் ஓரத்தில் குடியிருப்போருக்கு இந்தப் பின்பாதியே முக்கியமானது.

எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. 'வெப்பநிலை' என்பதும் 'வெப்ப நிலைமம்' என்பதும் கண்ணுக்கு நெருக்கமானவை. வேற்றுமை உருபு ஏறினால் 'வெப்பநிலையால்', 'வெப்ப நிலைமத்தால்' என்று அவசரத்தில் மயங்கும். முன்னதைச் சேர்த்தும் பின்னதை இடைவெளி விட்டும் எழுதுவது நல்லது. கட்டுரையில் முதன்முறை வரும்போது 'கடலின் வெப்ப நிலைமம்' என்று உடைமையோடு எழுதினால் மயக்கம் பெரும்பாலும் தீரும்.