கிராண்ட் என்றால் மானியமா, நல்கையா?

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் நடந்தது. குளம் குளமாகப் போய்ப் பறவை எண்ணுகிற என் மருமகன், தனக்கு ஒரு கிராண்ட் கிடைத்திருப்பதாக அவன் ஆச்சியிடம், அதாவது என் அம்மாவிடம், சொன்னான். அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் பெரிய மேதாவி போல "மானியம் கெடச்சிருக்காம்மா" என்று எடுத்துக் கொடுத்தேன். "உரத்துக்கால, சிலிண்டருக்கால? ஆதார் நம்பர பேங்க்ல சேத்தாச்சா?" என்று அம்மா அவனைப் பார்த்துக் கேட்க, அவன் என்னை முறைத்தான்.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை, தப்பு என் மொழிபெயர்ப்பில். அவனுக்குக் கிடைத்தது ஒரு பயிற்சிக்கான பணம். பல்லுயிர், அதாவது பலவகை உயிரினங்களின் வளம், பற்றி ஆய்வு செய்கிறவர்களும் கொள்கை வகுக்கிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும்படி வேலை செய்யக் கற்றுக்கொள்வதற்கான பயிற்சி. அதைப் போய் மானியம் என்றால் உரமூட்டைதானே நினைவுக்கு வரும்?

மானியம் வடமொழியிலிருந்து வந்த சொல். மான்ய என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கும் ஊர் ஊழியம் பார்த்தவர்களுக்கும் வரியில்லாமல் விட்ட நிலத்தை மானியம் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அந்தச் சொல் கிடக்கும். அதற்கும் முந்திய கல்வெட்டுகளில் வரியில்லா நிலத்துக்கு இறையிலி வருகிறது, குளம் பராமரிக்க ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி வருகிறது. அப்புறம் காலம் மாறி, பொருளின் விலையில் அரசு ஏற்றுக்கொள்ளும் பங்குக்குப் பெயர் மானியம் என்று ஆகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு என்கிற பெயரில் பழைய பொருள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதையும் சிலர் நல்கைக் குழு என்று மாற்றி எழுதுகிறார்கள். சரியான மாற்றம் என்பேன்.

கிராண்டின் கதை வேறு. லத்தீனில் நம்புதல் என்ற பொருளுள்ள 'கிரெதேரே' பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி ஆங்கிலத்துக்கு வந்தது. கிரெடிட் கார்டில் இருக்கும் கிரெடிட்டும் அதே வேர்தான். நம்பிக் கொடுப்பது என்பது கிராண்டுக்குள்ளேயே இருக்கிறது.

இனி நல்கை. நல்கு என்பதிலிருந்து நல்கை. அகராதியைப் பிரித்தால் கொடுத்தல் மட்டும் இல்லை, விரும்புதல், தலையளி (அன்போடு அருளுதல்) செய்தல் என்றெல்லாம் பொருள் வரிசையாக நிற்கும். குறுந்தொகை 37ஆம் பாட்டில் தோழி தலைவியிடம் "நல்கலும் நல்குவர்" என்று சொல்லும்போது அங்கே பணமும் இல்லை காசும் இல்லை, அவர் அன்பு காட்டுவார் என்பதுதான் பேச்சு. அதற்குச் சாட்சியாக, பெண்யானையின் பசி தீர யா மரத்தின் பட்டையை உரிக்கும் ஆண்யானையைக் காட்டுகிறாள். (அகராதியில் இதற்குப் பக்கத்திலேயே நல்குரவு என்று ஒன்று இருக்கும், பொருள் வறுமை. கிராண்டுக்கு அலையும் ஆய்வு மாணவர்கள் இந்த அண்டை வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.)

ஆனால் எனக்கு நல்கைதான் பொருத்தம் என்று முடிவு செய்ய வைத்தது 17ஆம் குறள்.

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்

கடலில் நீரை எடுத்துக்கொண்ட மேகம் திரும்ப நல்காவிட்டால் அவ்வளவு பெரிய கடலும் தன் இயல்பில் குறைந்துபோகும். இயல்பில் குறைவது என்றால் என்ன? நீர்வாழ் உயிர்கள் பிறக்காமல் போவதும், மணி முதலியவை விளையாமல் போவதும் என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். பல்லுயிர் என்ற சொல் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால்! பயோடைவர்சிட்டி என்ற ஆங்கிலச் சொல்லே 1985ல் வாஷிங்டனில் ஒரு கருத்தரங்கு ஏற்பாட்டுக்காக வால்டர் ரோசன் சுருக்கிக்கொண்டதுதான். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், அதை நம்பி உயிர்கள் இருப்பதும் நல்கு என்ற ஒரே வினைக்குள் வந்துவிட்டது. கொற்கை முத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதே குறளைக் கையில் வைத்துக்கொண்டு தாமிரபரணிக்கு வாருங்கள். பொதிகையில் தொடங்கி புன்னக்காயலில் கடலில் சேரும் ஆறு. வெள்ளம் வரும் ஒவ்வொரு வருசமும் "தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது" என்று டீக்கடையிலிருந்து சட்டமன்றம் வரை பேச்சு கிளம்பும். அந்தத் தண்ணீருக்குப் பொறியாளர் வைத்திருக்கும் பெயர் உபரி. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் போக மிஞ்சியது உபரி, அதைக் கால்வாய் வெட்டிச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகலாம் என்பது அவர் கணக்கு, அந்த ஊர்களில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். கழிமுகத்தை ஆராய்கிறவருக்கோ உபரி என்றே ஒன்று கிடையாது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் மீன்குஞ்சு வளரும், அலையாத்தி மரம் நிற்கும், அங்கே ஆற்றுத்தண்ணீர் வந்துசேர்வது அவர் கணக்கில் செலவில்லை, வரவு. உபரி என்ற ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்கிறார்கள், இரண்டு பேரும் நியாயம்தான் பேசுகிறார்கள், ஆனால் பேச்சு சேரவே சேராது. எவ்வளவு தண்ணீர், எந்த மாதத்தில், எவ்வளவு நாள் கடலுக்குப் போனால் போதும் என்று ஒருவர் எண்ணாகச் சொல்லவும், அதை மற்றவர் மதகு திறக்கும் உத்தரவில் ஏற்றவும் பழக வேண்டும். இந்தப் பழக்கத்துக்குத்தான் பயிற்சி. ஒருநாள் கூட்டம், ஒரு ஃபைல், ஒரு பேனா, இனிப்பு காரம் காபி என்று நாம் பார்த்துச் சலித்த பயிற்சி இல்லை.

உலக அளவிலும் இதைப் புரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2012ல் பனாமா நகரில் உருவாகி, ஜெர்மனியின் பான் நகரில் செயலகம் வைத்திருக்கும் ஐபிபிஇஎஸ் என்ற அரசுகளுக்கிடையேயான அமைப்பு, பல்லுயிர் பற்றிய அறிவை அரசுகளிடம் சேர்ப்பதற்கென்றே இருப்பது. சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று 2019ல் சொன்னவர்கள் இவர்கள்தான். மதிப்பீடு செய்வதோடு, ஆட்களைப் பழக்குவதும் இதன் வேலைகளில் ஒன்று, இளம் ஆய்வாளர்களை அனுபவசாலிகளோடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள். அதற்கான பணம் அரசுகள் தாமாக விரும்பித் தருவது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்ட 23 இலக்குகளில் 19ஆவது பணம், 2030க்குள் ஆண்டுக்கு 20,000 கோடி டாலராவது திரட்ட வேண்டும் என்கிறது. 20ஆவது திறன் வளர்ப்பும் அறிவியல் ஒத்துழைப்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் யாரோ, நல்லா இருக்கட்டும்.

கொள்கை வகுப்பவர் என்றதும் டெல்லியை நினைக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஆக, குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசிக் குத்தகையை, எப்போது விடுவது என்று முடிவு செய்கிற பஞ்சாயத்துத் தலைவரும் கொள்கை வகுப்பவர்தான். அவருக்கும் இந்தப் பயிற்சி வேண்டும், மறுகால் (குளம் நிறைந்து தண்ணீர் வழியும் இடம்) என்றால் என்ன என்று தெரியாமல் குளத்தை ஆராய வரும் முனைவருக்கு அதைவிட வேண்டும்.

நிதியுதவி என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆனால் அது வெள்ள நிவாரணத்துக்கும் பொருந்தும், கோயில் கொடைக்கும் பொருந்தும். உதவித்தொகை ஒரு ஆளின் தேவையைப் பார்த்துத் தருவது. ஒரு வேலையை நம்பி, திருப்பிக் கேட்காமல், அக்கறையோடு தருவதற்குத் தனிச் சொல் வேண்டும் என்றால் நல்கையை விட்டால் வேறு இல்லை. பேச்சில் யாரும் சொல்வதில்லையே என்பது நியாயமான குறை. ஆனால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால், மலையாளப் பத்திரிகையில் தினமும் 'நல்கி', 'நல்கும்' என்றுதான் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் புழங்குவது இந்தப் பக்கம் புழங்கக் கூடாது என்று சட்டமா?

எழுதும்போது பயிற்சி நல்கை, பயண நல்கை, தருபவர் நல்குநர் என்று எழுதலாம். பேசும்போது கிராண்ட் என்றே இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது. உரத்துக்கு மானியம் மானியமாகவே இருக்கட்டும்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் ஆச்சியிடம் போய், "அது மானியம் இல்ல ஆச்சி, நல்கை" என்று திருத்தினான்.

"சரில, வட்டி எவ்வளவு?"

வட்டியும் இல்லை, அசலும் கட்ட வேண்டாம், வருசக் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுக்க வேண்டும் என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.