ஓசோன் படலத் தேய்வு

நாளிதழ்களில் ‘ஓசோன் ஓட்டை’ என்றும், பாடநூல் நடையில் ‘ஓசோன் படலச் சிதைவு’ என்றும் படிக்கிறோம். இரண்டும் ஒன்றையே சுட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தலைப்பில் உள்ள ‘தேய்வு’ இவ்விரண்டிலிருந்தும் வேறானது.

‘ஓசோன்’ கிரேக்க வேர் கொண்ட சொல். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நீரை மின்பகுப்புச் செய்தபோது எழுந்த நெடியைக் கவனித்த வேதியியலாளர் கிறிஸ்டியான் ஷோன்பைன், ‘மணத்தல்’ என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து 1840இல் இப்பெயரை வைத்தார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு இது. இதற்குத் தனித்தமிழ்ப் பெயர் தேடுவது வீண்வேலை. ஓசோன் தமிழில் வேரூன்றிவிட்டது.

‘படலம்’ சற்றே ஏமாற்றும் சொல். தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், அடுக்குமண்டலக் காற்றோடு கலந்து பரவிக் கிடக்கும் வாயு அது. விரித்த திரை அன்று. ஆனால் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அந்த வகையில் படலம் பொருந்தவே செய்கிறது. அளவீடும் இந்தக் கணக்கில்தான்: 0.01 மில்லிமீட்டர் என்பது ஒரு டாப்சன் அலகு.

இனிச் சிதைவுக்கும் தேய்வுக்கும் உள்ள வேறுபாடு. புற ஊதாக் கதிர் பட்டு ஓசோன் உருவாவதும் சிதைவதும் மனிதர் தலையிடாமலே ஓயாமல் நடப்பவை. ஆக்கத்தை அழிவு விஞ்சும்போதுதான் மொத்த இருப்பு குறைகிறது. ஆகவே சிதைவு மூலக்கூறுக்கு நேர்வது. தேய்வு படலத்துக்கு நேர்வது. மேலும், தேய்பிறைக்குப் பின் வளர்பிறை உண்டு. அண்டார்டிகாவிலும் செப்டம்பர், அக்டோபரில் மெலியும் படலம் ஆண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ‘ஓட்டை’ என்ற சொல்லில் இந்த ஏற்ற இறக்கம் தெரிவதில்லை. அங்கே ஓசோன் அற்றுப்போவதும் இல்லை. 220 டாப்சன் அலகுக்குக் கீழே இறங்கிய பரப்பைத்தான் அறிவியலார் ‘ஓசோன் துளை’ என்கிறார்கள். அந்தக் குறுகிய பொருளில் துளை இருக்கட்டும். பொது நிகழ்வுக்குத் தேய்வே பொருத்தம்.

தேய்வுக்கு முதன்மைக் காரணம் குளோரோபுளூரோகார்பன்கள் (சுருக்கமாக சிஎஃப்சி). குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட இவை எதனோடும் எளிதில் வினைபுரியா. அந்த நற்குணமே வினையானது: கீழே அழியாமல் மேலே சென்று, புற ஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவிக்கின்றன. குளோரின் அணு ஓசோனைச் சிதைத்தபின் தான் மாறாமல் மீள்வதால், ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் இதை 1974இலேயே எச்சரித்தார்கள். தென்துருவக் கடுங்குளிரில் உருவாகும் முகில்களின் பரப்பில், முடங்கிக் கிடந்த குளோரின் வீரியம் பெறுகிறது. வசந்தகால வெயில் வந்ததும் அழிப்பு தொடங்குகிறது. துளை அங்கே தோன்றுவது இதனால்தான்.

அந்தத் துளையைக் கண்டது தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி. அண்டார்டிகாவின் ஹாலி பே ஆய்வுநிலைய அளவீடுகளைக் கொண்டு ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் அறிவித்தார்கள். இன்று செயற்கைக்கோள்களும் பலூன் கருவிகளும் துணை நிற்கின்றன.

கட்டுப்பாடு என்றால் 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மாண்ட்ரியல் நெறிமுறை. ‘நெறிமுறை’ என்பதை அறிவுரை என்று படித்துவிடக் கூடாது. உற்பத்தியைக் கால அட்டவணைப்படி நிறுத்தக் கட்டாயப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை அது. கண்காணிப்பு இல்லையேல் அதற்குப் பல் இருந்திருக்காது: தடைசெய்யப்பட்ட சிஎஃப்சி-11 மீண்டும் கூடுதலாக வெளியாவதை 2018இல் காட்டிக்கொடுத்தது காற்றளவீடுதான். மாற்றாக வந்த ஹைட்ரோபுளூரோகார்பன்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் புவியைச் சூடாக்குபவை. நெறிமுறையின் 2016 கிகாலி திருத்தம் அவற்றையும் குறைக்கச் சொல்கிறது.

தேய்வுக்கு எதிர்ச்சொல்லாக ‘மீட்சி’ வழங்குகிறது. சிஎஃப்சி-12 போன்றவை வளிமண்டலத்தில் நூறாண்டு அளவுக்குத் தங்குவதால் அது மெதுவாகவே வரும். இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் மேல் 1980ஆம் ஆண்டு நிலை திரும்புவது ஏறத்தாழ 2066இல் என்பது ஐ.நா. ஆதரவுடன் வெளியான 2022 மதிப்பீட்டின் கணிப்பு.